கடித்தால்தான் பிடிக்கும்

என் அக்காவைக் கட்டிய மாமாவுக்கு மூக்கு இருந்தது, வாசனை தெரியாது. சேலத்துச் சாயப்பட்டறையில் வருஷக்கணக்காகப் பைக்ரோம் உப்பின் ஆவியைக் குடித்ததில், இரண்டு நாசிக்கும் நடுவிலிருக்கும் சுவரில் ஓட்டை விழுந்துவிட்டது. அக்கா தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு நின்றாலும், அடுப்பில் கருவாடு கருகினாலும் அவருக்கு இரண்டும் ஒன்றுதான். "உங்கக்காளுக்கு நான்தான் ஏத்த மாப்பிள்ளை அம்மிணி. சோறு தீஞ்சாலும் எனக்குத் தெரியாது பாரு" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார். அக்கா கரண்டியை ஓங்குவாள்.

அவர் சிரிப்பதைப் பார்த்தால் கெட்ட மனுஷர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் அவரைப் பற்றிப் பேச வந்தால் ஒரு ஜெர்மன் சொல்லைப் பற்றிப் பேசாமல் முடியாது. ஒரு மனுஷருக்குக் குடிப்பழக்கம் இருப்பதுபோல, சீட்டாட்டம் இருப்பதுபோல, இவருக்கு அந்தச் சொல் இருந்தது.

முதலில் நான் அக்கா வீட்டுக்குப் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி வருஷம் திரும்புவதற்குள் புருஷன் செத்து, தாலியைக் கழற்றி வைத்துவிட்டு நாமகிரிப்பேட்டைக்கு அப்பா வீட்டுக்கே திரும்பி வந்தவள் நான். வெள்ளைச் சீலைக்காரிக்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்று ஊரே கேட்டபோது, "எனக்கு ஊட்ல பேச்சுத் துணைக்கு ஆளு வேணுமுங்க மாமா" என்று அப்பாவிடம் சொல்லி என் பெட்டியைத் தூக்கி பஸ்ஸின் மேல் போட்டவர் அவர்தான். சேலத்தில் டீச்சர் டிரெயினிங் படித்ததும், அங்கேயே ஒரு ஆரம்பப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்ததும் அவர் தயவு. அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் உண்டு. அதனால்தான் மற்றதைச் சொல்வது கஷ்டமாக இருக்கிறது.

பேச்சுத் துணை என்றால் அவருக்குச் சொற்களைப் பற்றிய பேச்சுதான். எங்களைப் போல அவரும் பனமரத்துப்பட்டிப் பக்கம் காடுதோட்டம் உள்ள குடும்பத்தில் பிறந்தவர். பத்தாவது வரை படித்துவிட்டு, ஏர் பிடிக்கப் பிடிக்காமல் சாயத்தொட்டியில் போய் விழுந்தவர் என்று அவர் வீட்டார் சொல்வார்கள். சொல் என்பது அவருக்கு, வேறு வீட்டில் கட்டிக்கொடுத்த பெண் மாதிரி. எங்கே குடித்தனம் பண்ணினாலும் அதற்கு ஒரு பிறந்த வீடு உண்டு. ஜன்னல் போர்ச்சுகீசுக்காரன் வீட்டுப் பெண், சாவியும் மேஜையும் அவள் கூடப்பிறந்தவர்கள், தாலுகா கச்சேரியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் தாசில்தார் துருக்கன் வீட்டு மாப்பிள்ளை. இப்படி நாள் முழுக்கச் சம்பந்தம் பேசிக்கொண்டிருப்பார். ஒரு சாவு வீட்டில், பாடை கட்டிக்கொண்டிருக்கும்போது, பாடை என்ற சொல் எங்கே பிறந்திருக்கும் என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டுவிட்டார். அந்த ஆள் செத்துப்போனவரின் தம்பி. அக்கா கூட்டத்துக்குள் புகுந்து வந்து அவர் தொடையைக் கிள்ளினாள்.

"பொறந்த ஊட்டுக் குணம் போவாது அம்மிணி. சொல்லுக்கும் அப்படித்தான். எந்த ஊட்டுக்கு வாக்கப்பட்டாலும் பொறந்த ஊட்டுக் குணத்தத்தான் காட்டும்" என்பார்.

"எங்கக்காளுக்கு எங்கூட்டுக் குணம் இருக்குதுங்களா மாமா?"

"அதான் அனுபவிக்கறனே!"

அந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் ஒரு ஜெர்மன்காரர். ஒரு சாயக் கம்பெனி அனுப்பி வருஷத்துக்கொருமுறை வருவார். டப்பா டப்பாவாகச் சாயப்பொடி கொண்டுவந்து, நெசவாளர் தெருவில் பந்தல் போட்டு, எதை எதோடு கலந்தால் வெளுக்காத கெட்டிச் சாயம் வரும் என்று செய்து காட்டுவார். அவர் இங்கிலீஷில் சொல்வதை மாமா தமிழில் சொல்ல வேண்டும். ஜெர்மன்காரர் வெயிலில் அவித்த இறால் நிறத்துக்கு ஆகிவிடுவார் பாவம். சாயத்தில் முக்குவதற்கு முன்னால் நூலை ஓர் உப்புத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். படிகாரமாக இருக்கலாம், பைக்ரோமாக இருக்கலாம். அந்த உப்பு நூலைக் கவ்வும், சாயம் உப்பைக் கவ்வும். அது இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே சாயம் ஆற்றோடு போய்விடும். அந்த ஊறலுக்கு ஜெர்மன் பாஷையில் பைட்ஸே என்று பெயர்.

மாமா அதைச் சாதாரண வேலைச் சொல்லாகத்தான் முதலில் எடுத்துக்கொண்டிருந்தார். பித்துப் பிடித்தது எங்கள் வீட்டுச் சமையலறையில். ஒருநாள் ஜெர்மன்காரரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அக்கா ஆட்டுக்கறியை மஞ்சளும் உப்பும் போட்டுப் புளித்த தயிரில் ஊறவைத்திருந்தாள். கை கழுவப் பின்கட்டுக்குப் போன ஜெர்மன்காரர் சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, சந்தோஷமாக, "பைட்ஸே!" என்றார்.

மாமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நூலுக்கும் அதுதான் பெயர், கறிக்கும் அதுதான் பெயரா? ஆமாம், எங்கள் ஊரில் கறியைக் காடியில் ஊறப்போடுவோம், அதுவும் பைட்ஸேதான் என்றார் அவர். அன்றைக்கு அக்கா செய்த குழம்பை இரண்டு பேருமே ருசித்துச் சாப்பிட்டதாகத் தெரியவில்லை. இலையில் சோறு காய்ந்துகொண்டிருக்க, மாமா கேள்விமேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நாற்காலிக் கட்டைக்கு நிறம் ஏற்றத் தேய்க்கும் நீரும் பைட்ஸே. அந்தக் காலத்து ராஜாக்கள் கையில் வல்லூறை வைத்துக்கொண்டு முயல்மேல் ஏவி வேட்டையாடினார்களாமே, அந்த வேட்டையும் பைட்ஸே. ஜெர்மன்காரர் முழங்கையை நீட்டி, அதில் பறவை உட்கார்ந்திருப்பதுபோலக் காட்டி, கூரையைப் பார்த்து அதை விட்டார். குடியானவர்கள் கோதுமை விதையை விதைப்பதற்கு முன்னால் நோய் வராமலிருக்க ஒரு மருந்துத் தண்ணீரில் முக்குவார்கள், அதுவும் பைட்ஸே.

பைஸன் என்றால் ஜெர்மனில் கடிப்பது. அதிலிருந்து பிறந்ததுதான் இது என்று அவர் விளக்கினார். தானே கடிப்பதல்ல, இன்னொன்றைக் கடிக்க விடுவது. மாமா குதித்தார். "அம்மிணி, நம்முளுதுல உண்ணுறது, ஊட்டுறதுன்னு இருக்குதல்ல? அதே மாதிரி! உண்ணுறவன் ஒருத்தன், ஊட்டுறவன் ஒருத்தன். வல்லூறு கடிக்குது, ராசா கடிக்க விடறான். சாயம் கடிக்குது, நாம கடிக்க விடறோம். எல்லாம் ஒரே தாய் வயித்துப் புள்ளைங்க!"

ஜெர்மன்காரர் அப்போது இன்னொன்றும் சொன்னார். அவர் நாட்டில் சில பக்கம் சாராயக்கடைக்கும் பைட்ஸே என்று ஒரு பெயர் உண்டாம். ஆனால் அது இந்தக் குடும்பமில்லை, யூதர்களின் பாஷையில் வீடு என்று அர்த்தமுள்ள ஒரு சொல்லிலிருந்து வந்தது, முகம் மட்டும்தான் ஒன்று, ரத்தம் வேறு என்றார். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "அதெப்புடீங்க? கள்ளுக்கடை கடிக்காதா? நம்மூர்ல எத்தன குடும்பத்தக் கடிச்சு வெச்சிருக்குது!" என்று இங்கிலீஷில் வாதாடினார். மொழிக்குச் சொந்தக்காரர் சொல்கிறார், இவர் இல்லை என்கிறார். ஜெர்மன்காரர் தோளைக் குலுக்கிவிட்டு மோரைக் குடித்தார். பின்னால் எங்கள் ஜில்லாவில் கள்ளுக்கடைகளையெல்லாம் மூடியபோது, மாமா மட்டும், "ஒரு பைட்ஸேய மூடிப்போட்டாங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நான் சிரித்திருக்கிறேன். அவருடைய அந்த அடம் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. முகம் ஒன்றாக இருந்தால் ரத்தமும் ஒன்று என்று ஒரு மனுஷர் நம்பினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

கடிச்சாத்தான் பிடிக்கும் என்பது அன்றிலிருந்து அவர் வாயில் பழமொழி ஆகிவிட்டது. எதற்கெடுத்தாலும் அதுதான். டிரெயினிங் பள்ளியில் என்னை ஒருத்தி தாலியறுத்தவள் என்று சொல்லிவிட்டாள். நான் வீட்டுக்கு வந்து மூலையில் உட்கார்ந்திருந்தேன். அவர் எதிரில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "இதும் பைட்ஸேதான் அம்மிணி. இப்பக் கடிக்குது. இது கடிச்ச எடத்துலதான் படிப்புப் பிடிக்கும், பாரு. ஒருநாளும் வெளுக்காது" என்றார். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. இல்லையென்று இப்போது சொன்னால் பொய்.

ஆனால் அதையே அவர் பட்டறை ஆட்களிடமும் சொல்வார். பைக்ரோம் என்பது செங்கல் நிறத்தில் பளபளக்கும் கல் உப்பு. தண்ணீரில் போட்டால் மஞ்சளாகக் கரையும், பார்க்க அழகாக இருக்கும். அதில் கைவைத்து வேலை செய்கிறவர்களுக்கு விரலிடுக்கில் சின்னச் சின்னக் குழிகள் விழும். கம்பியைக் காய்ச்சிக் குத்தியதுபோல வட்டமாக, எலும்பு தெரியும் ஆழத்துக்கு. வலிக்காது, ஆறவும் ஆறாது. மாமா கையிலும் இருந்தன. வீட்டுக்கு வருகிறவர்களிடம் விருது மாதிரிக் காட்டுவார். பட்டறையில் காலால் நூலை மிதிக்கும் கிழவர் ஒருவர் இருந்தார். அவருக்குக் கணுக்காலில் குழி விழுந்து, நடக்க முடியாமல் ஒருநாள் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"கடிச்சாத்தான் பிடிக்குமுங்க பெரியவரே" என்றார் மாமா, பழக்க தோஷத்தில்.

கிழவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பிடிச்சதெல்லாம் நூலுக்குங்க மாஸ்டர். கடிச்சதெல்லாம் எனக்குங்க" என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போய்விட்டார்.

அக்கா அன்றைக்கு அவருடன் பேசவில்லை. அவர் கிழவருக்கு வேறு வேலை வாங்கிக் கொடுத்தார், தைலமும் அனுப்பினார். ஆனால் அந்தப் பழமொழியை விடவில்லை. கையில் நல்ல சொல் ஒன்று இருந்தால் எதிரிலிருக்கிற ஆளைப் பார்க்க மறந்துவிடுகிறது என்று எனக்கு அப்போதுதான் முதல்முறையாகப் பட்டது. மாமாவிடம் அதைச் சொல்லும் தைரியம் அந்த வீட்டில் அக்காவுக்கு மட்டும்தான் இருந்தது. அவள் சொன்னால் அவர் சிரிப்பார்.

ஜெர்மனியோடு சண்டை வந்தது. ஜெர்மன்காரரைப் போலீஸ் பிடித்துக்கொண்டுபோய் எங்கோ முள்வேலிக்குள் வைத்துவிட்டதாகச் சொன்னார்கள். சாய டப்பா வருவது நின்றது. பட்டறையில் பாதி நாள் வேலையில்லை. தானியத்துக்கும் தட்டுப்பாடு. வேலையில்லாத மாமா அடிக்கடி நாமகிரிப்பேட்டைக்கு அப்பாவைப் பார்க்கப் போகத் தொடங்கினார்.

அப்பாவின் மேட்டுக்காட்டுச் சோளத்தில் இரண்டு வருஷமாகக் கரிப்பூட்டை விழுந்திருந்தது. கதிர் வரும், ஆனால் மணி இருக்க வேண்டிய இடத்தில் கரித்தூள் இருக்கும். தட்டினால் முகமெல்லாம் மையாகும். விதையை மயில்துத்தம் என்கிற நீலக் கல் உப்பைக் கரைத்த தண்ணீரில் நனைத்து விதைக்கச் சொல்லி விவசாய இலாகா மேஸ்திரி சொல்லிவிட்டுப் போனார். சண்டைக் காலத்தில் சேலம் கடைவீதி முழுக்கத் தேடியும் மயில்துத்தம் அகப்படவில்லை.

"மயில்துத்தம் இல்லீன்னா என்னுங்க மாமா, அதோட அக்கா எங்க பட்டறையில இருக்குறா" என்றார் மாமா. விதையை முக்குவதும் பைட்ஸே, நூலை முக்குவதும் பைட்ஸே. பெயர் ஒன்று, பிறப்பு ஒன்று, குணமும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்! நூலைக் கடித்த உப்பு விதை மேலிருக்கும் கரியைக் கடிக்காதா? அப்பா படிக்காதவர். படித்த மாப்பிள்ளைமேல் அவருக்கு அளவுகடந்த நம்பிக்கை.

மாமா பட்டறையில் மிச்சமிருந்த பைக்ரோம் உப்பைக் கொண்டுபோய், தானே தொட்டியில் கரைத்து, விதைச்சோளத்தை ஊறவைத்து, நிழலில் உலர்த்திக் கொடுத்தார். விதை தங்க மஞ்சளாக இருந்ததாம். எங்கள் பக்கம் நல்ல நாளில் விதைக்கு மஞ்சள் தடவுகிற வழக்கம் உண்டு, அதனால் எல்லாரும் லட்சணமாக இருக்கிறது என்றார்களாம். புறப்படும்போது மாமா அப்பாவிடம், "கோழியக் கிட்ட உடாதீங்க, கையக் கழுவுங்க, இது கடிக்கும். மிச்சமிருந்தா ஊட்டுக்குக் கொண்டாந்து வெச்சிருங்க, நான் வந்து எடுத்துக்கறேன்" என்று சொன்னார். அவர் சொன்னது அவ்வளவுதான். அப்பா அதை, கையில் எரியும் என்று புரிந்துகொண்டார். விஷம் என்று ஒரு சொல் இருக்கிறது. சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த சொல். அதை மாமா சொல்லவில்லை. அந்த உப்பை வாயில் வைத்தால் என்ன ஆகும் என்று பட்டறையில் பழகிய அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவர் மனசில் அதற்கு வேறு பெயர் குடியிருந்தது.

அந்த வருஷம் எங்கள் காட்டில் கரிப்பூட்டை வரவில்லை. அதையும் சொல்லியாக வேண்டும்.

எங்கள் பக்கம் ஏர் ஓட்டுகிறவன் பின்னால் ஒரு பெண் விதைப்பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு சாலில் விதை விட்டுக்கொண்டே போவாள். எல்லாம் விட்டு முடிந்ததும் பெட்டி அடியில் மிச்சமிருப்பது அவள் மடிக்கு. நிலத்துக்குக் காட்டிய விதையை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தால் அடுத்த வருஷம் களம் நிறையாது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. பனமரத்துப்பட்டிப் பக்கம் இது கிடையாது. அங்கே மிச்ச விதை வீட்டுக்குத் திரும்பும். அவர் ஊர் வழக்கம்தான் உலக வழக்கம் என்று மாமா நினைத்திருந்தார். அப்பாவோ, மாப்பிள்ளை ஏதோ டவுன் பேச்சுப் பேசுகிறார் என்று விட்டுவிட்டார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. விதைத்தவளுக்குச் சேர வேண்டியதை யாராவது தடுப்பார்களா?

அந்த வருஷம் விதை விட்டவள் குப்பாயி. ஊருக்குத் தெற்கே சேரியில் இருந்தாள். புருஷன் மலேரியாவில் போய்விட்டான். ஒரு பெண், ஒரு பையன். தானியமில்லாத அந்தப் பஞ்ச நாளில் அவள் மடி நிறைய மஞ்சள் சோளத்தை வாங்கிக்கொண்டு, பண்ணாடி என்று சேரியில் கூப்பிடுகிற அப்பா இருந்த திசைக்குக் கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு மாமா நெடுநாள் இருந்தார். சண்டை முடிந்தது, சாய டப்பாக்கள் வேறு நாடுகளிலிருந்து வந்தன, பட்டறைக்குப் போனார், வந்தார். ஆனால் எந்தச் சொல்லுக்கும் பிறந்த வீடு கேட்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து நானாக ஒரு சொல்லைக் கொண்டுவந்து, "இது எங்க பொறந்துதுங்க மாமா?" என்று கேட்டால், "எனக்கென்ன தெரியும் அம்மிணி" என்று எழுந்து போய்விடுவார். பேச்சுத் துணைக்கென்று கூட்டிவந்த வீட்டில் நான் சும்மா உட்கார்ந்திருப்பேன். எனக்கு அது பெரிய துக்கமாக இருந்தது. அவரை மன்னிக்கவும் முடியவில்லை, வெறுக்கவும் முடியவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். விதை போட்ட அந்த வாரமே, முளைப்பைப் பார்க்க வேண்டுமென்று மாமா கிளம்பினார். பள்ளிக்கு விடுமுறை என்று நானும் கூடப் போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே மாரியம்மன் கோயில் வாசலில் வேப்பிலைத் தோரணம் தெரிந்தது. அப்பா வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் இலை போட்டார்கள். அப்பா எதிரில் உட்கார்ந்து ஊர்ச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தார்.

"சேரிக்குள்ள வாந்திபேதி வந்திருச்சுங்க மாப்ளே. ஒரு பையன் போயிட்டான். அவங்கக்காளும் படுத்துட்டு இன்னிக்குத்தான் கண்ணு முழிச்சிருக்குது. தண்ணியக் காச்சிக் குடிங்க."

"யாரு பையனுங்க?"

"நம்ம குப்பாயி பையனுங்க. அன்னிக்கு வெதை உட்டாளே, அவதான்."

மாமா பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. "வெதை மிச்சமிருந்துதுங்களா?" என்று கேட்டார்.

"இருந்துது. அவ மடிக்குப் போச்சு. பின்ன எங்க போவும்?"

மாமா இலையை விட்டு எழுந்தார். அப்பாவுக்கு ஒரு நிமிஷம் எதுவும் விளங்கவில்லை. பிறகு விளங்கிவிட்டது. அவர் முகம் சுண்டியதை நான் பார்த்தேன். பாய்ந்து வந்து வாசற்கதவுக்குக் குறுக்கே நின்றார்.

"உக்காருங்க மாப்ளே. மணியகாரரு சாவுக் கணக்குல பேதின்னு எழுதிப்போட்டாரு. பொதைச்சாச்சு. இனி நீங்க போயி என்னத்தச் சொல்லப் போறீங்க? உங்களையும் புடிச்சிட்டுப் போவான், என்னையும் புடிச்சிட்டுப் போவான். எம்மவ கெதி என்ன?"

"இன்னும் அந்தச் சோளம் அவ ஊட்ல இருக்குமுங்க மாமா."

"ஆளனுப்பி வேற சோளம் குடுத்து வாங்கிக்கலாம். நீங்க போவாதீங்க."

"அதுக்குள்ள அந்தப் புள்ளைக்குக் காச்சி ஊத்தீட்டான்னா?"

அப்பா கதவை விட்டு நகரவில்லை. மாமா அவரை இரண்டு கையாலும் பிடித்து ஒதுக்கிவிட்டு, எச்சில் கையோடு தெருவில் இறங்கி ஓடினார். நான் பின்னால் ஓடினேன். வெள்ளைச் சீலைக்காரி சேரிக்குள் ஓடுவதை ஊர் நின்று பார்த்தது.

பெரியவள் பிழைத்துக்கொண்டாள். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலே எழுத எனக்குத் தெம்பில்லை.

குடிசை வாசலில் மூன்று கல் அடுப்பில் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் கந்தலைப் போர்த்திக்கொண்டு சுவரில் சாய்ந்து, சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பசி வந்திருந்தது. குப்பாயி கூழைக் கிண்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அகப்பையை வைத்துவிட்டுப் பதறி எழுந்தாள்.

"சாமி! நீங்க எதுக்குங்க இங்க..."

மாமா சட்டியைக் காலால் எட்டி உதைத்தார். கூழ் மண்ணில் ஓடியது. அந்தப் பெண் வீறிட்டாள். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் வெளியே வந்தார்கள். பண்ணாடி வீட்டு மாப்பிள்ளை, பையனைப் பறிகொடுத்த வீட்டில் கூழ்ச்சட்டியை உதைக்கிறார். எதிர்த்துக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. நானும் அவர்களோடு சேர்ந்து பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

குப்பாயி மண்டியிட்டு, மண் ஒட்டாமல் மேலாக இருந்த கூழைக் கையால் வழித்து உடைந்த ஓட்டில் போட ஆரம்பித்தாள். மாமா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். தொட்டதில் அவள் கையைப் பின்னுக்கு இழுத்தாள்.

"அத எடுக்காத குப்பாயி. பானையில இருக்கற சோளத்தையும் குடுத்துரு."

"சாமி, அது எங்க பங்குங்க. திருடலீங்க. பெட்டியில மிச்சமிருந்ததுங்க. பண்ணாடியக் கேட்டுப் பாருங்க."

"திருடுனேன்னு யாரு சொன்னா? அது ஆகாது. அது..." மாமா திக்கினார். "அது கடிக்கும்."

"மூணு தண்ணி ஊத்திக் கழுவுனனுங்க. மஞ்சளெல்லாம் போயிருச்சுங்க. நல்ல மஞ்சத் தண்ணியாச்சேன்னு வாசப்படியில கூடத் தெளிச்சனுங்க. இவளுக்கு அதத்தான் காச்சி ஊத்துனனுங்க, எனக்கு மிஞ்சலீங்க. சின்னவந்தான் கழுவறதுக்குள்ள பொறுக்காம ஒரு வாய் அள்ளி மென்னுட்டானுங்க. பச்சையாத் தின்னாதடான்னு ஓங்கி ஒண்ணு வெச்சனுங்க. அடிச்ச அடியிலதான் காச்சல் வந்துதோ என்னமோ..."

பையனை அடித்ததுதான் அவள் மனசில் நின்றுகொண்டிருந்தது. தன் அடியால்தான் போனான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பேதி என்று ஊர் எழுதிவிட்டது, அவளோ தன்மேல் எழுதிக்கொண்டுவிட்டாள்.

இதற்குள் அப்பாவும் இரண்டு ஆட்களும் சேரி முனையில் வந்து நின்றுவிட்டார்கள். உள்ளே வரவில்லை. "மாப்ளே! வாங்க!" என்று அப்பா குரல் கொடுத்தார். அதட்டலாக ஆரம்பித்து அழுகையாக முடிந்த குரல். மாமா அவரைத் திரும்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்படியே வந்துவிட்டிருக்கலாம். சோளத்தை வாங்கிக்கொண்டு, வேறு சோளம் கொடுத்துவிட்டு, வந்துவிட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

அவர் அந்த மண்ணிலேயே உட்கார்ந்தார். அவள் கையை அப்போதும் விடவில்லை.

"நீ அடிச்சதுல போவல. பேதியுமில்ல. அந்த வெதையில வெசம் இருந்துது. வெச்சது நான். உம்மவன நாந்தான் கொன்னுட்டேன்."

தமிழில் இவ்வளவு நேரான வாக்கியத்தை அவர் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

வழித்த கூழ் குப்பாயியின் விரல்களிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அதை மகள் பக்கம் போகாமல் சீலையில் துடைத்தாள். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். மாமாவின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த உலகத்தில் காரணமில்லாமல் யாரும் யாருக்கும் விஷம் வைப்பதில்லை.

"எங்க மேல உங்களுக்கு என்னங்க சாமி கோவம்?" என்று கேட்டாள்.

மாமா குழி விழுந்த தன் கைகளை விரித்துப் பார்த்தார்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அம்மிணி, நீங்களாச்சும் சொல்லுங்க. நாங்க என்னங்க பண்ணிப்போட்டோம்?"